பசியைக் கொள்கையாக்குதல்: தமிழகப் பள்ளி உணவுத் திட்டங்களில் சான்று, கதை, சமூகப் புரிதல்

ஆய்வுச் சுருக்கம்

பொதுக்கொள்கை வகுப்பில் சான்று, கதை, சமூகப் புரிதல் ஆகிய மூன்றும் எவ்வாறு இணைந்து செயற்படுகின்றன என்பதைத் தமிழகப் பள்ளி உணவுத் திட்டங்களின் நூறாண்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தீர்மானம், 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டம், 1982-ஆம் ஆண்டுச் சத்துணவுத் திட்டம், 2001-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணை, 2022-ஆம் ஆண்டுக் காலை உணவுத் திட்டம் ஆகிய ஐந்து கட்டங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சான்று மட்டும் இருந்த இடத்தில் திட்டம் நின்றுபோனதையும், கதை வலுவாக இருந்த இடத்தில் திட்டம் நிலைத்தாலும் அதன் எல்லைகள் மறைக்கப்பட்டதையும், சமூகப் புரிதல் குறைந்த இடத்தில் நல்ல திட்டமும் பந்தியில் பிளவுபட்டதையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பொதுக்கொள்கை, மதிய உணவு, சத்துணவு, காலை உணவுத் திட்டம், கதையாடல், சான்று, சாதி.

முன்னுரை

அரசின் கொள்கைகள் சான்றுகளின் அடிப்படையில் அமைய வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. எனினும் சான்று என்பது தானே பேசுவதில்லை. ஒரு பதிவேட்டில் உள்ள எண் சட்டமன்றத்திலும் தேநீர்க் கடையிலும் பேசுபொருளாவதற்கு அது ஒரு மனிதரின் நிலையாக உருப்பெற வேண்டியிருக்கிறது. அவ்வாறு உருப்பெற்ற செய்தி திட்டமாக நடைமுறைக்கு வரும்போது, சாதி, பால், வறுமை, கௌரவம் ஆகியவற்றால் ஆன சமூகத்தின் நடுவே அது இயங்க வேண்டியிருக்கிறது.

தமிழகப் பள்ளி உணவுத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் பெருமையாகவோ தேர்தல் அரசியலாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்றைக் கொள்கை வகுப்பின் நோக்கில் மீண்டும் வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். விளக்கமுறை ஆய்வும் வரலாற்றுமுறை ஆய்வும் இங்குப் பின்பற்றப்படுகின்றன.

1. கருத்தாக்க விளக்கம்

இக்கட்டுரையில் 'சான்று' என்பது எண்ணிக்கை, அளவீடு, ஒப்பீடு ஆகியவற்றால் பெறப்பட்டு மற்றவராலும் சரிபார்க்கத்தக்க தகவலைக் குறிக்கிறது. 'கதை' என்பது பொய் அல்லது புனைவு என்னும் பொருளில் ஆளப்படவில்லை. ஒரு சிக்கலுக்கு யார் காரணம், யார் பாதிக்கப்பட்டவர், யார் தீர்க்க வல்லவர் என்பதை வரிசைப்படுத்திச் சொல்லும் முறையைக் குறிக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் டெபோரா ஸ்டோன் 1989-இல் எழுதிய கட்டுரையொன்றில், துன்பம் என்பது விதியின் விளைவாகக் கருதப்படும் வரை அது கொள்கைக்குரிய சிக்கலாவதில்லை என்றும், மனிதச் செயலால் விளைந்தது என்று காட்டும் காரணக் கதை பிறந்த பின்னரே அரசின் கவனத்திற்கு வருகிறது என்றும் விளக்கினார். 'சமூகப் புரிதல்' என்பது திட்டத்தைப் பெறுவோரும் நடத்துவோரும் அதனை எப்பொருளில் எடுத்துக்கொள்வர் என்பதை அறிந்திருத்தலாகும்.

கேட்ட செய்தி ஆட்சியாளரின் முடிவை மாற்றுவது தமிழ் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில், சிறையில் பசித்தோர்க்கு மணிமேகலை அமுதசுரபியால் உணவளித்ததைக் காவலர் கண்டு மன்னனுக்கு உரைக்கின்றனர். மன்னன் அவளை அழைத்து வினவுகிறான். அதன் பின்னரே சிறை அறச்சாலையாகிறது. கண்டது, சொல்லப்பட்டது, வினவப்பட்டது, ஆணையானது என்னும் வரிசை இங்கு அமைந்துள்ளது. பிற்காலக் கொள்கை வரலாற்றில் இவ்வரிசையின் ஏதேனும் ஒரு படி விடுபடும்போது என்ன நேர்கிறது என்பதே ஆய்வுக்குரியது.

2. எண்ணிக்கை இருந்தும் நின்ற திட்டம் (1920–1925)

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மாநகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தார். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு என வரையறுக்கப்பட்டது. அப்பள்ளியில் பயில்வோர் ஏழைகள் என்பதும், வறுமையே சேர்க்கையைக் குறைக்கிறது என்பதும் தீர்மானத்திற்கான காரணமாகக் கூறப்பட்டன. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிவாக்கப்பட்டது.

இதன் விளைவு பதிவேடுகளிலேயே தெரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922–23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25-இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை இருமடங்கைத் தாண்டியது. எனினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை ஆங்கிலேய அரசு ஏற்காததால் 1925 ஏப்ரல் மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. 1927-இல் தான் அது மீண்டும் தொடங்கப்பட்டது.

இந்நிகழ்வு இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, திட்டத்தை நிறுத்தியவர்கள் அதன் பயனை மறுத்து நிறுத்தவில்லை. உணவு கல்விச் செலவாகாது என்னும் கணக்கு விதியைக் கொண்டு நிறுத்தினர். சேர்க்கை இருமடங்கானது என்னும் சான்று அந்த விதிக்கு விடையாக அமையவில்லை. ஏனெனில் விதி கேட்ட கேள்வி 'பயன் உண்டா' என்பதன்று. 'இச்செலவு எந்தத் தலைப்பின்கீழ் வரும்' என்பதாகும். இரண்டாவது, பசித்த குழந்தைக்குக் கற்பிக்க இயலாது, ஆகவே உணவும் கல்வியின் பகுதியே என்று பொதுமக்களிடையே நிலைபெற்ற ஒரு விளக்கம் அன்று உருவாகியிருக்கவில்லை. சான்று மன்றத்தின் ஏடுகளுக்குள் இருந்தது. அதனைச் சுமந்து செல்லும் கதை வெளியில் இல்லை.

3. கேள்வியை மாற்றிய கதை (1956)

காமராசர் ஆட்சிக்காலத்தில் 1956-இல் தொடங்கப்பட்ட மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி மக்களிடையே வழங்கும் கதை அனைவரும் அறிந்ததே. சேரன்மகாதேவி அருகே ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் பள்ளிக்குச் செல்லாததன் காரணத்தை முதலமைச்சர் கேட்டதாகவும், பள்ளிக்குச் சென்றால் சோறு யார் தருவார் எனச் சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் அக்கதை அமைகிறது. சொல்பவருக்கேற்ப இடமும் சூழலும் உரையாடலும் மாறுகின்றன. வாய்மொழி வழக்காறுகளுக்குரிய இயல்பு இதில் முழுமையாகக் காணப்படுகிறது.

இக்கதை நிகழ்ந்தவாறே சொல்லப்படுகிறதா என்பதைவிட, அது செய்த வேலை கொள்கை ஆய்வுக்கு முக்கியமானது. எழுத்தறிவின்மைக்குப் பெற்றோரின் அறியாமையே காரணம் என்பது அக்காலத்தில் வலுவாக இருந்த விளக்கம். அவ்விளக்கத்தின்படி தீர்வு அறிவுரையாகவும் கட்டாயமாகவும் அமையும். சிறுவனின் எதிர்க்கேள்வியோ காரணத்தை இடம் மாற்றுகிறது. பள்ளிக்கு வருவதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலை அன்றைய நண்பகல் உணவு. அதனை ஏழைக் குடும்பம் செலுத்த இயலாது என்னும் பொருளியல் உண்மை ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது.

கதை மட்டும் திட்டத்தை நடத்திவிடவில்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் பங்களிப்பைத் திரட்டும் முறையை வடிவமைத்துச் செயற்படுத்தினார். செலவின் ஒரு பகுதியை அரசும் எஞ்சியதை உள்ளூர் மக்களும் ஏற்றனர். 1961-இல் கேர் நிறுவனத்தின் உணவுப்பொருள் உதவியும் சேர்ந்தது. தன் ஊர்ப்பள்ளிக்குத் தானே நெல் கொடுத்த குடும்பத்திற்கு அப்பள்ளியின் நடப்பைக் கேட்கும் உரிமையும் தானாக வந்தது. இச்சமூகப் புரிதல் திட்டத்தின் வலிமையாயிற்று. அதே வேளையில், நன்கொடை தர இயலாத வறிய ஊர்களில் உணவு தடையின்றிக் கிடைப்பது கடினம் என்பதே இம்முறையின் வலுவின்மையாகவும் அமைந்தது.

4. இரு திட்டங்கள், இரு விதி (1980, 1982)

1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஊரகப் பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும், 1984-இல் 10 முதல் 15 வயது வரையிலான மாணவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. தம் இளமையில் பட்ட பசியே இத்திட்டத்தின் பிறப்பிடம் என எம்.ஜி.ஆர். வெளிப்படையாகக் கூறினார். 1956-இல் சிறுவன் சொன்ன கதையை 1982-இல் முதலமைச்சரே தம் கதையாகச் சொன்னார் எனலாம். செலவு மிகுதி, வெகுசன ஈர்ப்பு அரசியல் என்னும் விமர்சனங்கள் எழுந்தபோதும் அக்கதை திட்டத்தைக் காத்தது.

இதே காலத்தில் சான்றை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு திட்டமும் தமிழகத்தில் நடந்தது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி குன்றியவர்க்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குத் துணை உணவு வழங்கியது. எடை தேறியதும் உணவு நிறுத்தப்பட்டு, தாய்க்கு ஆலோசனை தொடர்ந்தது. ஊட்டக்குறைவு நிலையான பாதிப்பை உண்டாக்கும் வயது முதல் மூன்று ஆண்டுகளே என்னும் மருத்துவ அறிவின்மேல் அது கட்டப்பட்டது. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்ததை அதன் மதிப்பீடுகள் பதிவு செய்தன.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். ஊட்டச்சத்து அறிவியலின்படி இரண்டாவது திட்டம் குறிதவறாதது. ஆயின் பொதுமக்கள் நினைவில் அது இன்று இல்லை. சத்துணவோ மாறிமாறி வந்த ஆட்சிகளாலும் கைவிடப்படவில்லை. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை எனத் தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து முட்டை என வளர்ந்தது. இதற்குக் கதை மட்டும் காரணமன்று. அனைவருக்கும் ஒரே உணவு என்பதால் 'ஏழை' என எவரையும் பிரித்துக் காட்டவில்லை. பணியிடங்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டதால் ஒவ்வோர் ஊரிலும் திட்டத்தோடு வாழ்க்கை பிணைந்த சில பெண்கள் இருந்தனர்.

ஆனால் வலுவான கதைக்கும் ஒரு விலை உண்டு. பள்ளிக்கு வரும் குழந்தையின் பசி கண்ணுக்குத் தெரிந்தது. தொட்டிலில் இருக்கும் குழந்தையின் ஊட்டக்குறைவு தெரியவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 25.0 விழுக்காட்டினர். இந்திய அளவிலான 35.5 விழுக்காட்டைவிட இது குறைவு. எனினும் நான்காம் சுற்றில் 27.1 விழுக்காடாக இருந்ததிலிருந்து குறைவு சிறிதே. 6 முதல் 59 மாதக் குழந்தைகளிடையே இரத்தசோகை 50.7 விழுக்காட்டிலிருந்து 57.4 விழுக்காடாக உயர்ந்துள்ளது. பள்ளி உணவின் வெற்றிக் கதை இவ்வெண்களைப் பேச இடம் தருவதில்லை. இந்த வயதினருக்காக ஒரு கதை இன்னும் சொல்லப்படவில்லை என்பதே இங்குள்ள சிக்கலாகும்.

5. நீதிமன்றத்தில் இணைந்த மூன்றும் (2001–2004)

1995 ஆகஸ்டு 15 அன்று நடுவண் அரசு தொடக்கக் கல்விக்கான தேசிய ஊட்டச்சத்து ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கியது. பல மாநிலங்கள் சமைத்த உணவுக்கு மாற்றாக மாதந்தோறும் மூன்று கிலோ தானியம் வழங்கின. வீட்டுக்குச் செல்லும் தானியம் குடும்பத்தின் பொதுப் பானையில் கலந்துவிடும். பள்ளியில் இடும் சோறு குழந்தையின் வயிற்றுக்குச் செல்லும். இவ்வேறுபாட்டை உணர்வதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஏழை வீட்டின் அடுப்படியை அறிந்திருந்தால் போதும்.

2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு, அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்திருக்க வறட்சிப் பகுதிகளில் மக்கள் பட்டினி கிடப்பதை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. நிரம்பிய கிடங்கு, வெறும் வயிறு என்னும் இரு காட்சிகளின் எதிர்வு ஸ்டோன் கூறும் காரணக் கதைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். பட்டினிக்கு மழையின்மை காரணம் என்பது மாறி, பகிர்வின்மை காரணம் என்றாயிற்று. 2001 நவம்பர் 28 அன்று நீதிமன்றம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்கள் வழங்க ஆணையிட்டது. அது நடைமுறையில் இயலும் என்பதற்குத் தமிழகத்தின் ஏறத்தாழ இருபதாண்டு அனுபவம் கண்முன் இருந்தது.

சான்றும் அக்காலத்தில் வலுப்பெற்றது. ஜான் திரேஸ், கீதா கிங்டன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, வட இந்திய ஊர்களில் மதிய உணவு வழங்கும் பள்ளி உள்ள இடங்களில் சிறுமியரின் பள்ளிப் பங்கேற்பு ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான சுமன் சக்ரவர்த்தி குழுவினரின் ஆய்வோ, சிறுவயதில் பள்ளி உணவு பெற்ற பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் உயரக் குறைவு குறைந்திருப்பதைச் சுட்டியது. ஒரு தலைமுறை கடந்து வெளிப்படும் இத்தகைய பயனை 1982-இல் எந்த அரசும் சான்றாகக் காட்டியிருக்க இயலாது. முழுச் சான்று வரும்வரை காத்திருப்பதும் ஒரு கொள்கை முடிவே என்பதையும், அதற்கான விலையைக் குழந்தைகளே செலுத்துவர் என்பதையும் இது உணர்த்துகிறது.

6. பந்தியும் சாதியும்

உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் பிறப்பித்த மற்றோர் ஆணை, சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை அளிக்கப் பணித்தது. கலோரி கணக்கிட்டுப் பெறவியலாத புரிதல் இது. யார் சமைத்ததை யார் உண்பது என்பது சாதியச் சமூகத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பள்ளிச் சமையற்கூடம் அவ்விதியை நாள்தோறும் கேள்விக்குட்படுத்தும் இடமாகிறது.

தமிழகத்தில் இக்கேள்விக்கு முழு விடை கிடைத்துவிடவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் ஒருவர் பள்ளியில் சமைக்கச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டதும் நாடறிந்தவை. வருகைப் பதிவேடு இத்தகைய நிகழ்வைக் காட்டாது. உணவு வழங்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் காட்டாது. ஏனெனில் தட்டை வாங்கி உண்ணாமல் வைத்துவிடும் குழந்தையும் அவ்வெண்ணிக்கையுள் அடங்கும். எனவே திட்டத்தின் மதிப்பீட்டில், யார் எங்கே அமர்ந்து உண்கின்றனர், யார் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவருகின்றனர், சமையலர் பணியில் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பவற்றை நேரில் கண்டு பதிவு செய்யும் களப்பணி இடம்பெற வேண்டும். நாட்டார் வழக்காற்றியலிலும் மானிடவியலிலும் பயிற்சி பெற்ற தமிழ் ஆய்வாளர்கள் கொள்கை ஆய்வுக்குப் பங்களிக்கத்தக்க இடம் இதுவாகும்.

7. காலை உணவுத் திட்டம்: ஒரு மதிப்பீட்டுக் கேள்வி (2022–2023)

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதற்கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் ஏறத்தாழ 1.14 இலட்சம் குழந்தைகளுக்கு 33.56 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் செயற்படுத்தப்பட்டது. பல இடங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர், குறிப்பாக அப்பள்ளியிலேயே தம் குழந்தைகளைப் படிக்க வைத்துள்ள தாய்மார்கள், சமைக்கின்றனர். தன் குழந்தையும் உண்ணும் உணவைச் சமைப்பவர் தரத்தைக் காப்பார் என்னும் இவ்வமைப்பு சமூகப் புரிதலுக்கு நல்ல சான்றாகும்.

மாநிலத் திட்டக்குழுவின் தொடக்கநிலை ஆய்வு, 1,543 பள்ளிகளுள் 1,319 பள்ளிகளில் வருகை உயர்ந்ததைத் தெரிவித்தது. 2022 சூன், சூலை மாத வருகை 2023 சனவரி, பிப்ரவரி மாத வருகையோடு ஒப்பிடப்பட்டது. இது ஊக்கமளிக்கும் செய்தி. எனினும் கல்வியாண்டின் தொடக்கமும் அதன் பிற்பகுதியும் இயல்பிலேயே வேறுபட்டவை. பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் இயல்புநிலைக்குத் திரும்பிய காலமும் அதுவே. ஆகவே உயர்வு முழுவதையும் உணவின் விளைவாகக் கொள்ள இயலாது. திட்டம் இல்லாத பள்ளிகளில் அதே மாதங்களில் வருகை எவ்வாறு இருந்தது என்னும் ஒப்பீடு தேவை.

2023 ஆகஸ்டு 25 அன்று திட்டம் 31,008 பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஓராண்டுக் காலம், திட்டம் உள்ள பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிடுவதற்கு வாய்த்த அரிய காலமாகும். முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்படாமையால் அவ்வொப்பீட்டிற்கும் வரம்புகள் உண்டு. எனினும் பள்ளிவாரி வருகைப் பதிவுகள் அரசிடம் உள்ளன. பெயர் நீக்கி அவற்றை ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டால் இன்றும் அவ்வாய்வைச் செய்யலாம். 1925-இல் நிகழ்ந்ததுபோல் நிதி நெருக்கடியின்போது திட்டம் கேள்விக்குள்ளானால், உண்மையான காவல் அத்தகைய சான்றிலிருந்தே கிடைக்கும். திட்டத்தை விரும்புவோரே கடுமையான மதிப்பீட்டை முதலில் கோர வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஐந்து கட்டங்களிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அ. சான்று ஒரு கேள்விக்கே விடையளிக்கும். 1925-இல் சேர்க்கை பற்றிய சான்று கணக்கு விதி எழுப்பிய கேள்விக்கு விடையாகவில்லை. முடிவெடுப்போர் எக்கேள்வியைக் கேட்கின்றனர் என்பதை அறிந்து சான்று திரட்டப்பட வேண்டும்.

ஆ. கதை கேள்வியையே மாற்ற வல்லது. ஆயின் அது யாரைக் காட்டுகிறது என்பதோடு யாரை மறைக்கிறது என்பதும் ஆராயப்பட வேண்டும். பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளின் ஊட்டக்குறைவு அவ்வாறு மறைந்த ஒன்றாகும்.

இ. சமூகப் புரிதல் திட்டம் வகுத்தபின் சேர்க்கப்படும் இணைப்பு அன்று. சமைத்த உணவா தானியமா, அனைவருக்குமா சிலருக்கா, யார் சமைப்பது ஆகிய அடிப்படை முடிவுகள் அதனைச் சார்ந்தவை.

ஈ. மூன்றும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும். கதை சொல்வதை எண் சரிபார்க்க வேண்டும். எண் காட்டாததைக் களப்பணி காட்ட வேண்டும். களத்தில் கண்டதை மக்கள் தம்முடையதாக ஏற்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1925-இல் சிற்றுண்டி நின்றபோது எத்தனை குழந்தைகள் பள்ளியை விட்டு நின்றனர் என்பது பேசப்படும் வரலாறாகவில்லை. திட்டம் தொடங்கிய நாள் கொண்டாடப்படும் அளவிற்கு, நின்ற நாளும் அதன் காரணமும் கொள்கை ஆய்வில் பதிவாக வேண்டும். அடுத்த முறை ஒரு கணக்கு விதி குறுக்கிடும்போது விடை ஆயத்தமாக இருப்பதற்கு அதுவே வழியாகும்.